அரை நூல்

புது சைக்கிளோடு கம்பெனி கொடுக்கும் டயரை நம்பி யாரும் நெடுந்தூரம் போகக் கூடாது, மேடம். ஷோரூமில் பார்க்க ஒல்லியாக, அழகாக இருக்கும். இரண்டு பக்கமும் மூட்டை தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்தால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பல்லைக் காட்டிவிடும். கேரியரும் அப்படித்தான். மிருதுளா அதை ‘ரேக்’ என்பாள். எங்கள் கடையில் அது கேரியர்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. பிரிட்டோ என்றால் எல்லோருக்கும் தெரியும். எட்டாவதோடு நின்றவர். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. பொத்தேரி காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம் என்னோடு ஒரே ரூமில் இருந்தவள் மிருதுளா, பேங்க் ஆபீசர் மகள். நான் தப்பாக இங்கிலீஷ் பேசினால் சிரிக்காத ஒரே ஆள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல நான் வரவில்லை.

அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். பஞ்சர் ஒட்ட மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கே காற்று இறங்கினாலும் போன் வரும். “ஈவி, நடுரோட்ல நிக்கிறேன்டி. வா.” அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போவேன். வண்டலூர், கேளம்பாக்கம், ஒருமுறை திருப்போரூர்கூட. நான் ஒட்ட ஒட்டப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கதை பேசுவாள். பத்து நிமிஷ வேலையை முக்கால் மணி நேரம் இழுப்பேன்.

கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவது என் யோசனை. மேப் வரைந்ததும் நான். இரண்டாம் வருஷத்திலிருந்து எங்கள் ரூம் சுவரில் ஒட்டியிருந்தது. வேலை கிடைத்ததும் போவதாகப் பேச்சு. இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது, வேறு வேறு ஆபீசில்.

போன மாதம், அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்த புது டூரிங் சைக்கிளோடு கடைக்கு வந்தாள். கூட அவள் ஆபீஸ் தோழி ஸ்ரீவித்யா.

“ஓ, நீங்கதான் அந்தப் பஞ்சர் ஸ்பெஷலிஸ்ட்டா?” என்றாள் ஸ்ரீவித்யா.

மிருதுளா சிரித்தாள். “நானும் இவளும் கன்னியாகுமரி போறோம்டி. உனக்கு லீவ் கிடைக்காதுல்ல? டயரையும் ரேக்கையும் நீ மாத்திக் குடு, ப்ளீஸ். வேற யார் மாட்டினாலும் எனக்குத் தூக்கம் வராது.”

லீவ் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. கிடைக்காது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். சண்டை போடவில்லை. “விட்டுட்டுப் போ, பண்ணி வெக்கிறேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டயர், அடுத்து பிரேக், கடைசியில்தான் கேரியர். கேரியர் ஏறிவிட்டால் பின்சக்கரத்துப் பிரேக்கில் கை நுழையாது. அந்த வண்டிக்கு டிஸ்க் பிரேக் கிடையாது. இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மைக் கவ்வும். டயர் பெரிதாகும்போது கட்டைகளைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டயரின் பக்கவாட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

பின்சக்கரத்தில் சரியாக இறக்கினேன். முன்சக்கரத்தில் இறக்கவில்லை. அரை நூல். உங்கள் ஸ்கேலில் ஒன்றரை மில்லிமீட்டர்.

அப்பா குனிந்து பார்த்தார். “இன்னாம்மா ஈவி, முன்கட்டை அரை நூல் மேல நிக்குது?”

“பாத்துக்கறேன்பா.”

“எறக்கிடு. லாரி ஓடுற ரோட்டுல போற பொண்ணு.”

சரிப்பா என்றேன். பிறகு கேரியரை மாட்டினேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வண்டியில் இன்று கோணாமல் நிற்பது அது ஒன்றுதான், நீங்களே பார்த்தீர்கள்.

மிருதுளா ஜாக்கிரதையானவள், மேடம். அரை கிலோமீட்டர் தள்ளி மாடு நின்றால் இங்கேயே பிரேக் பிடிப்பாள். அதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். கோவளம், தப்பினால் மாமல்லபுரம். டயர் கிழிந்து ஓரமாக நிற்பாள். ஸ்ரீவித்யாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்குப் போன் வரும். புது டயரும் ட்யூபும் மொபெட்டில் கட்டித் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் கிளம்பும் வெள்ளிக்கிழமைக்கு லீவும் போட்டிருந்தேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

அன்று காலை ஏழே முக்காலுக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர்.

“யம்மா, கோவளத்துல மீன் விக்கிறவன் பேசுறேன். சைக்கிள் கேரியர்ல இந்த நம்பர் ஒட்டிக்கீது. கூட வந்த பொண்ணு முன்னாடி பூட்சி போல. இந்தப் பொண்ணு பஸ்ஸு முன்னால வுயுந்துட்ச்சிம்மா. நீ அதுக்கு இன்னா ஆவணும்?”

நான் போய்ச் சேர்வதற்குள் அவள் உயிர் போய்விட்டது. அந்த ஸ்டிக்கரை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து போட்டிருந்த சைக்கிளில்தான் பார்த்தேன். ‘அவசரத்துக்கு: ஈவ்லின்.’ அவள் கையெழுத்து. அவளுடைய அப்பா நம்பர் இல்லை, ஸ்ரீவித்யா நம்பர் இல்லை. நான் மாட்டிய கேரியரில் என் நம்பரை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

வெளியே பெஞ்சில் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ‘பிரேக் வைத்தது நான்தான், என் மகள் இல்லை’ என்று காலையிலிருந்து ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

மிருதுளா சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு போன், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

போன் வரப் பின்சக்கரமே போதுமே என்கிறீர்கள். பின்டயர் வெடித்தால் வண்டி ஆடும், காலை ஊன்றி இறங்கிவிடலாம். முன்டயர் வெடித்தால் ஆளைத் தூக்கி ரோட்டில் போடும். சைக்கிள் கடையில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா என்கிறீர்கள். தெரியும். ஆனால் பின்னால் கேரியர் இடைஞ்சலாக இருந்தது, மேடம். கை நுழையவில்லை. அதனால்தான் முன்சக்கரத்தில் வைத்தேன்.

எதற்கு முந்தின பக்கத்தைப் புரட்டுகிறீர்கள்?

ஆமாம். கேரியரைக் கடைசியில்தான் மாட்டினேன்.