போடப் போட சரியாயிடும்

இல்ல சார், இதுக்குப் பில் போட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. அழகான ஷூதான், நீங்க எடுத்ததுல ஒரு குத்தமும் இல்ல. போட்டுக்கப் போற கால் வரல, அவ்வளவுதான்.

கல்யாண நாளா? நல்லா இருங்க சார். திடீர்னு கையில குடுத்து அசத்தணும்னு ஆசை, புரியுது. கைக்கடிகாரம்னா அப்படிக் குடுக்கலாம். காலுக்கு முடியாது.

அவங்க பழைய ஷூவைக் கொண்டாந்திருக்கீங்களா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, குடுங்க இப்படி. ம், ஆறாம் நம்பர். ரெண்டு பிள்ளை பெத்தவங்கன்னு சொன்னீங்க. பிள்ளை பெத்தா கால் அகலும் சார், கல்யாணத்தப்போ இருந்த நம்பர் அப்படியே இருக்காது. இங்க பாருங்க, சுண்டுவிரல் பக்கம் தோல் எப்படிப் பொடைச்சுக்கிட்டு நிக்குது. கால் இடம் கேட்டு முட்டியிருக்கு. கையை உள்ள விடுங்க. சும்மா விடுங்க சார், நான் நாள் பூரா அதைத்தான் பண்றேன். நுனியில ஒரு கட்டைவிரல் அகலம் காலியா இருக்கணும். இதுல நகம் வளரக்கூட இடமில்ல.

இந்தக் கறை என்ன? டீயா? ஷூவுக்குள்ள டீ எப்படி சார் போகும். ரத்தம் காஞ்சா இந்த நிறம்தான் வரும்.

அவங்களுக்குச் சர்க்கரை இருக்கா? எத்தனை வருஷமா? ஏழா. வலிக்குதுன்னு எப்பவாவது சொன்னாங்களா? எதையும் சொல்லவே மாட்டாள்னு பெருமையா சொல்றீங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

உக்காருங்க. முதலாளி மொறைக்கிறாரு, மொறைக்கட்டும். இருபத்தாறு வருஷமா மொறைக்கிறாரு, அவருக்கு இன்னும் கண்ணு வலிக்கல.

இந்தத் தொழில்ல ஒரு வார்த்தை இருக்கு சார். வர்றவங்க ரெண்டு அடி நடந்து பாத்துட்டு, முன்னாடி லேசா கடிக்குதேம்பாங்க. உடனே சொல்லணும், புதுசுல்ல, போடப் போட சரியாயிடும்னு. அவ்வளவுதான், யாவாரம் முடிஞ்சுது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் நாக்கு அதைச் சொல்லும். பொய் சார் அது. சரியான ஷூ கடையிலேயே சரியா இருக்கும்.

என் வீட்டுக்காரி சலவைக் கடையில இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா. காலையில நின்னா சாயங்காலம் வரைக்கும் அந்தச் சூட்டுல நிக்கணும். அவளுக்கும் சர்க்கரை. நிக்கிறவளுக்கு நல்லதா ஒண்ணு குடுக்கணும்னு ஷோகேஸ்ல இருந்த ஜோடியை எடுத்துட்டுப் போனேன். கறுப்பு, மெத்து மெத்துன்னு இருக்கும். அளவு எடுக்கல. ஊரான் காலையெல்லாம் மடியில வச்சு அளந்தவன், பொண்டாட்டி காலுக்கு எதுக்கு அளவுன்னு ஒரு மெதப்பு.

அவளும் போட்டுக்கிட்டு நாலு எட்டு நடந்தா. என்னங்க, முன்னாடி லேசா கடிக்குதேன்னா. நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும்.

அதை நம்பினா சார். அவ நம்பாம வேற யாரு நம்புவா? கூட வேலை பாக்குறவங்ககிட்ட, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத ஷூவான்னு பீத்தல் வேற. ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டிருக்கா. வீட்டுக்கு வந்ததும் கழட்டிட்டு, காலைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே உக்காந்திருப்பா. நான் எதிர்ல உக்காந்து பேப்பர் படிச்சேன்.

அதை விடுங்க. நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க, இன்னைக்கே அவங்க காலை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஷூ எங்கயும் ஓடிப் போகாது. அவர் சரின்னு சொன்னப்புறம் ஒரு சாயங்காலமா கூட்டிட்டு வாங்க. பகல் பூரா நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்பதான் நிஜ அளவு தெரியும். ரெண்டு காலையும் அளக்குறேன். எது பெருசோ அதுக்குத்தான் நம்பர் எடுக்கணும். கடைக்குள்ளயே பத்து தடவை நடக்க விடுறேன். எங்கயாவது கடிக்குதுன்னு சொன்னாங்கன்னா, நானே கழட்டிடுவேன்.

என் வீட்லயா? இருக்கா சார். ஜன்னல் பக்கத்துல உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைச்சுத் தர்றா. முதல்ல ரெண்டு விரல் எடுத்தாங்க, அப்புறம் கணுக்காலுக்கு மேல. இடது கால். வலது காலைத் தினமும் நான்தான் அடியில கண்ணாடி வச்சுப் புண்ணு வந்திருக்கான்னு பாக்குறேன். அளவும் எடுத்தாச்சு, இப்பத்தான். ஏழாம் நம்பர். நான் கொண்டுபோனது ஆறு.

திட்டினாளான்னு கேக்குறீங்களா? ஒரு வார்த்தை இல்ல. அதைத்தான் சார் தாங்க முடியல. போட ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சு, வேலை முடிஞ்சு சிரிச்சுக்கிட்டே வந்தா. நீங்க சொன்னது சரிதாங்க, இப்போ வலிக்கவே இல்லன்னு சொன்னா. கால்ல உணர்ச்சி போயிருக்கு சார். உள்ள புண்ணு புரை ஓடிக்கிட்டிருக்கு, அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நான் அவ குடுத்த காப்பியைக் குடிச்சுக்கிட்டே, பாத்தியா, நான்தான் சொன்னேன்லன்னேன்.