இருட்டின பிறகு கப்புச்சினோ

— வீதியெல்லாம் தக்காளிக் குழம்பு கொதிக்கிற வாசம், நீங்க பாலை நுரைக்க வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல கப்புச்சினோவா, அத்தான்?

— ஆமா.

— எதிர்வீட்டு நுன்சியா போன் பண்ணிச் சொன்னப்ப நான் நம்பல. "உன் அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சு, தினம் இருட்டினதும் அந்தக் காப்பி மிஷின் சத்தம் கேக்குது"ங்கிறா. நம்ம நேப்பிள்ஸ்ல காலையில தவிர எவன் பால் காப்பி குடிக்கிறான்? சுத்திப் பார்க்க வர்ற வெளிநாட்டுக்காரன் குடிப்பான்.

— சும்மா இரு, ரோசேட்டா. பால் சத்தம் கேக்கணும்.

— மாதாவே, இதென்ன கூத்து.

— காகிதம் கிழியிற மாதிரி கேக்குதா? நுரை ஏறுது. இப்ப மிஷினோட ஆவிக் குழாயை உள்ள இறக்கி, ஜக்கு கையைச் சுடுற வரைக்கும் சுழல விடணும். பாரு, பெரிய குமிழி ஒண்ணாவது இருக்கா?

— அக்கா இங்க இருந்தவரைக்கும் நீங்க ஒரு கரண்டியைக் கழுவினதில்ல. அவ நியூசிலாந்து போய் ரெண்டு வருஷத்துல இப்படி ஆயிட்டீங்களே. துணிமணியை எடுங்க, என்னோட சலேர்னோவுக்கு, எங்க வீட்டுக்கே வந்துடுங்க.

— நான் எங்கயும் வரல. அங்க இப்பத்தான் விடியுது. அவ காலைக் காப்பி குடிக்கிற நேரம்.

— அதுக்காகவா இது?

— தனியாக் குடிச்சா அவளுக்கு இறங்காது. நுரைக்கச் சொல்லிக்குடுத்ததும் அவதான், போன்ல. சர்க்கரை டப்பா மேல போனைச் சாய்ச்சு வெச்சிருக்கேன் பாரு, அதுல தெரியறது நம்ம பையன் லூக்கா வீட்டு அடுப்படி. பேத்தி அழுற சத்தம் கேட்டு இப்பத்தான் எழுந்து போனா.

— இவ்வளவு ஏக்கத்தை வெச்சுக்கிட்டு, திரும்பி வாடின்னு கூப்பிட்டா என்ன?

— கூப்பிட்டா அடுத்த விமானத்துல வந்து நிப்பா. மருமக வேலைக்குப் போறவ, திண்டாடிப் போயிடும் பொண்ணு. என் ஆசைக்காக அதைச் செய்யச் சொல்றியா?

— உங்களுக்கு ஆசைன்னு ஒண்ணு இருக்குறதே இன்னிக்குத்தான் தெரியுது.

— இருக்கு. அவ என் பக்கத்துல உக்காந்து, மீசையில நுரை ஒட்டியிருக்குன்னு திட்டணும். படுத்தா அந்தப் பக்கம் ஜில்லுன்னு கிடக்கு, ரோசேட்டா. கை வைக்கவே பயமா இருக்கு. இதையெல்லாம் அவகிட்ட எந்த வாயால சொல்றது? நுரை நல்லா வந்துச்சுன்னு சொல்வேன், அவ்வளவுதான்.

— அத்தான்... போனைப் பாருங்க. அக்கா வந்து நிக்கிறா.

— அசுந்தா? எப்ப வந்தே?

— இப்பத்தாங்க, அந்த ஜில்லுன்னு கிடக்குறதைச் சொன்னீங்களே அப்ப. ஒரு வருஷமா மருமக "ஊருக்குப் போங்க அத்தை, நாங்க பாத்துக்கிறோம்"ங்கிறா. நீங்க ஒரு வார்த்தை கூப்பிடட்டும்னு நான்தான் பிடிவாதமா இங்க உக்காந்திருக்கேன்.