நாலு டிகிரி

அக்கா: மவுஸ்லேருந்து கைய எடுடா.

தம்பி: நான் தொடவே இல்லக்கா. ஸ்க்ரீன்ல கட்டில் தானா குதிக்குது.

அக்கா: ஸ்னாப் போட்டிருக்கேன். நகர்த்தினா பத்து பத்து சென்டிமீட்டரா போகும், திருப்பினா பதினஞ்சு பதினஞ்சு டிகிரியா திரும்பும். கடைங்களுக்கு அலமாரி வரையறப்போ இப்படித்தான் வச்சுக்குவேன். கை பழகிடுச்சு.

தம்பி: அப்பாவோட ரூம் என்ன கடையா?

அக்கா: வாய மூடிட்டு நம்பரப் படி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல எவ்வளவு?

தம்பி: அம்பத்தெட்டு.

அக்கா: சக்கர நாற்காலி?

தம்பி: அறுபத்தாறு. காலையிலேருந்து இது அஞ்சாவது தடவை.

அக்கா: அப்போ அவர் பாத்ரூமுக்கு எப்படிப் போவார்? நாளன்னைக்கு ஆஸ்பத்திரிலேருந்து அனுப்பிடுவாங்க...

தம்பி: பீரோவ...

அக்கா: அது சுவத்தோட சேத்துக் கட்டினது. அசையாது.

தம்பி: ஏன்க்கா... ஜன்னல் சுவர் ஏன் இவ்வளவு நேரா இருக்கு?

அக்கா: சுவர்னா நேராத்தான் இருக்கும்.

தம்பி: நம்ம வீட்டுச் சுவரா? கதவுப் பக்கம் ரூம் இருபத்தோரு சென்டிமீட்டர் அகலம் அதிகம்னு எழுதிக் கொடுத்தேனே!

அக்கா: அது... நீ டேப்பக் கோணலாப் பிடிச்சிருப்பேன்னு...

தம்பி: திருத்திட்டியா?

அக்கா: ...நேராக்கிட்டேன்.

தம்பி: அடிப்பாவி! மண்டி போட்டு மூணு தடவை அளந்தேன்.

அக்கா: சரி, கத்தாதே. திருப்பற ஸ்னாப்ப ஒரு டிகிரிக்குக் கொண்டுவரேன். சுவர்... ரெண்டு, மூணு... நாலு டிகிரி. உன் இருபத்தொண்ணு வந்துடுச்சா?

தம்பி: அச்சு அசலா வந்துடுச்சு. கட்டிலையும் திருப்பு.

அக்கா: திருப்பிட்டேன். படி.

தம்பி: அறுபத்தஞ்சு... போச்சு. ஒரே ஒரு சென்டிமீட்டர்!

அக்கா: இருடா. கட்டிலுக்குப் பின்னாடி இன்னும் ஏழு சும்மா கிடக்கு பாரு.

தம்பி: அப்போ தள்ளேன்!

அக்கா: தள்ளினா பத்தா போயி சுவத்துக்குள்ள புகுந்துடுது. நகர்த்தற ஸ்னாப்பையும் ஒரு சென்டிமீட்டராக்கறேன்... மெதுவா... ஒட்டிடுச்சு. நீ படி. எனக்குப் பாக்க பயமா இருக்கு.

தம்பி: எழுபத்திரண்டு.

அக்கா: இன்னொரு தடவை.

தம்பி: எழுபத்திரண்டுக்கா! ஆறு மிச்சம்! தாராளமாப் போவார்... ஏய், அழறியா?

அக்கா: இல்லடா... வயித்துல பால வார்த்த. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

தம்பி: சொல்லு.

அக்கா: போன வாரம் நம்ம ஊர் முதியோர் இல்லத்துக்குப் போயி... அப்பாவுக்கு ஒரு கட்டில் சொல்லி வச்சுட்டு வந்தேன். இங்க இடம் பத்தலைன்னா என்ன பண்றதுன்னு... உனக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடும்னு மறைச்சேன். நாளைக்கே வேணாம்னு சொல்லிடறேன்.

தம்பி: சொல்றப்போ... ரெண்டு கட்டிலும் வேணாம்னு சொல்லிடு.

அக்கா: ரெண்டா? எதுக்குடா ரெண்டு?

தம்பி: அதுக்கு முந்தின வாரமே நான் போயிட்டு வந்துட்டேன்க்கா.