கொடிக்கால் ஓரத்து மலைச்செடி

“தண்ணி ஊத்தி ஊத்தி நான்தான் அதைக் கொன்னுருக்கேனாம், மதினி.”

சோழவந்தான் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் இதைச் சொன்னபோதுதான் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தேன். அவள் மடியில் பழுப்பேறிய ஜூனிபர் கிளையொன்று கிடந்தது. அதன் ஊசியிலைகள் சேலையில் உதிர்ந்திருந்தன.

“யாரு, அந்த நர்சரிக்காரனா சொன்னான்?” என்றாள் அருகிலிருந்தவள்.

“ஆமா. இது மலைச்செடியாம். தரையோட படந்து வருசம் பூராம் பச்சையா கெடக்குமாம். ஆனா வேருல ஈரம் நின்னா அழுகிருமாம். நான் வெத்தலைக்கு ஊத்துற மாதிரி காலையிலயும் சாயந்தரமும்ல ஊத்துனேன்.”

“கொடிக்கால்காரி வேற எப்படி வளப்ப? கொடைக்கானல் பங்களாவுல தோட்டவேலை பார்த்த உன் மகன், ஒண்ணும் சொல்லாமயா குடுத்தான்?”

“பொங்கலுக்குக் கொண்டாந்தான். ‘அடுத்த தடவை வாரப்ப பக்குவம் சொல்றேன்’னான். அடுத்த தடவை அவனைத்தான கொண்டாந்தாக. வெத்தலைக் கொடிக்கால் ஓரத்துல அவனைப் பொதைச்ச எடத்துலயே நட்டேன்.”

பேருந்து கோச்சடையைத் தாண்டியதும் அருகிலிருந்தவள் அந்தக் கிளையை எடுத்துப் பார்த்தாள்.

“செடி முழுசாவா போச்சு?”

“ஒரு பக்கம் இன்னும் பச்சை இருக்கு. இனிமே தண்ணி காட்டாம விட்டாப் பொழைக்குமாம்.”

“அப்ப விட்டுரு, தாயி.”

“விட்டுரலாம் மதினி. அங்க போயி அழக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரவுக வைவாக. செடிக்குத் தண்ணின்னு சொல்லித்தான் தெனமும் கொடத்தோட போவேன். இனிமே என்ன சொல்லிட்டுப் போறது?”