கிளம்பிய நேரம்

இடுப்பு கழன்று விழுகிற வலி. ராத்திரி ஒன்றே முக்கால். வண்டி பஞ்சராகிவிட்டதால் கணக்கர் புறவழிச் சாலையில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். தொண்ணூறு லாரி ஓட்டுநர்களுக்கு விடிவதற்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்று ஒரே இருப்பாக உட்கார்ந்து எழுதிய இடுப்பு அது.

கட்டுக்கதை இல்லை... நம் டயர்க்கடைக்காரரின் மச்சான்தான் அந்தக் கணக்கர். சந்தேகமிருந்தால் நாளைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது விளக்கை அணைக்காதீர்கள்.

அவர் கணக்கெழுதும் லாரிக் கம்பெனியில் ஒரு வழக்கம். கிடங்கில் சரக்கு இறக்கக் காத்துக்கிடந்தால் மணிக்கு இவ்வளவு என்று படி உண்டு. ஆனால் டிரிப் சீட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும்: வந்த நேரத்துக்கு ஒன்று, கிளம்பிய நேரத்துக்கு ஒன்று. அலுவலகத்து ஆள் யார் போட்டாலும் செல்லும். ஒன்று குறைந்தாலும் கணக்கர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன் மப்ளர் என்கிற ஓட்டுநர் கிடங்கு வரிசையில் பத்தொன்பது மணி நேரம் கிடந்தார். வெயில் காலத்திலும் மப்ளரும் தைலமுமாக இருக்கிற மனுஷன். அவர் முறை வந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்... லாரி நகரவில்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

சீட்டில் ஒரு கையெழுத்துதான். கணக்கர் அடித்துவிட்டார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டப் பணமில்லாமல் மப்ளரின் மனைவி வந்து நின்றாள்.

"செத்தவரு எப்படிண்ணே வந்து கையெழுத்து வாங்குவாரு?"

"ரூல்னா ரூல்தாம்மா."

அந்தக் கணக்கர்தான் இப்போது நடந்து வருகிறார். முன்னால், ஓரத்தில் ஒரு லாரி. விளக்கில்லை. எஞ்சின் மட்டும் டக்... டக்... டக்... என்று ஓடுகிறது. டீசல் நெடியை மீறித் தைல வாசனை.

பக்கத்தில் போனதும் ஜன்னல் வழியாக டிரிப் சீட்டு செருகிய அட்டை நீண்டது. பன்னிரண்டு வருஷமாக அப்படி நீளுகிற அட்டைகளில் ஓட்டுநரின் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. தூக்கக் கலக்கம் வேறு. போட்டுவிட்டார்.

"நேரமும் போட்டுருங்கண்ணே."

நிலா வெளிச்சத்தில் வாட்சைப் பார்த்தார். ஒன்று நாற்பத்தேழு. தேதியோடு எழுதினார். எழுதும்போதுதான் மேல் வரி கண்ணில் பட்டது. வந்த நேரம்... எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

நிமிர்ந்தார். ஸ்டியரிங்கில் ஒரு மப்ளர் கிடந்தது. ஆள் இல்லை. அட்டையை யாரோ மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

காலையில் அலுவலகம் திறக்குமுன் மப்ளரின் மனைவி வாசலில் நின்றாள். கையில் அந்தச் சீட்டு. தைலம் மணந்தது.

"கதவு இடுக்குல சொருகியிருந்துச்சுண்ணே. உங்க கையெழுத்துதானே?"

அவர் கையெழுத்துதான். ரூல்படி கிளம்பிய நேரம் வரைக்கும் படி கொடுக்க வேண்டும். முதலாளியிடம் எதைச் சொல்லிக் கேட்பது? பத்தொன்பது மணி நேரத்துக்கு உண்டானதைத் தன் கைப்பணத்திலிருந்து அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

மீதி ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று மணி நேரப் படி இன்னும் பாக்கி.