பிந்தி வந்த சத்தம்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்கள் அதட்ட வேண்டியதே இல்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

அன்பரசனும் நானும் ஒரே கச்சேரிக் குழு. அவன் பாட்டு, நான் கீபோர்டு. விருதுநகர் பங்குனிப் பொங்கலில் எங்கள் மேடைக்குக் கூட்டம் அள்ளும். இரண்டாயிரத்து ஐந்தில் அவன் கம்ப்யூட்டரும் இசையமைக்கிற சாஃப்ட்வேரும் வாங்கி, சிவகாசியில் வீட்டு முன்னறையை ஸ்டுடியோ ஆக்கினான்.

"ஏலே மாப்ள, இனிமே பட்டாசுக் கம்பெனி விளம்பரம் அம்புட்டும் நமக்குத்தாம்லே" என்றான்.

எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தத் திரையைப் பார்த்தாலே தலை சுற்றும். எங்கே பார்த்தாலும் பொத்தான். வயலினை மட்டும் அழிக்கப் போய் முழுப் பாட்டையும் அழித்திருக்கிறேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வாசித்தால், கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும். தாளம் முன்னால் ஓடும், நான் பின்னால் போவேன்.

"கம்ப்யூட்டர்ல கோளாறாலே?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலே. ஒங் கைதான் மந்தமாயிருச்சு."

நம்பினேன், சார். விரலுக்கு எண்ணெய் தேய்த்துச் சொடுக்கெடுத்தேன். நான் பிந்தி வாசித்ததை அவன் குழுவில் போட்டுக் காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த பொங்கலில் என் இடத்தில் கம்ப்யூட்டர் வாசித்தது. நான் மேடைக்குக் கீழே ஒயர் சுற்றினேன்.

பிறகு மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சத்தம் பிந்துவதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். "புதுசா படிக்கிற எல்லாருக்கும் வர்றதுதான்ணே. ஒரு செட்டிங்கை மாத்துனா சரியாப் போகும். சாஃப்ட்வேர் வச்சிருக்கவருக்கு இது தெரியாம இருக்காதே" என்றார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது, அவன் தெரிந்தே என் கையைக் குறை சொல்லியிருக்கிறான்.

அதன்பின் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வெறுப்பு இருந்தால் பாடம் நன்றாக ஏறுகிறது. வெட்டுவது, ஒட்டுவது, சத்தத்தை ஏற்றுவது. எனக்கு அது போதும்.

எங்கள் ஊரில் எந்நேரமும் எங்காவது வெடியைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் பதிவில் விழுந்துவிடும். அதனால் பாட்டு முடிந்ததும் வருகிற அமைதியில், அன்பரசன் ஹெட்ஃபோனை இரு கையாலும் காதோடு அழுத்தி, வெடி விழுந்திருக்கிறதா என்று வால்யூமை முழுக்கத் திருகிக் கேட்பான். விளம்பரத்துக்காக ஆனைக்குட்டம் அணைக்கரையில் அவனே பதிந்த அணுகுண்டு வெடி கம்ப்யூட்டரில் இருந்தது. அதை ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றி, அந்த அமைதியில் ஒட்டினேன். அவன் திருகி முடிக்க நேரம் வேண்டுமே, கொஞ்சம் பிந்தி வரும்படி வைத்தேன்.

"ஒருக்கா கேட்டுச் சொல்லு மாப்ள" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் கத்தவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "காதுக்குள்ள ஒரே இரைச்சலா கெடக்கு. நீ பேசுறது கேக்கலைலே" என்றான். உடனே டாக்டரிடம் போயிருந்தால் ஒரு காதாவது தேறியிருக்கும் என்று பின்னால் சொன்னார்களாம். ஒன்றுமில்லை, தன்னால் சரியாகிவிடும் என்று சைகை காட்டியது நான்தான். தினமும் போய்க் காட்டினேன். நம்பினான். நானும் அவனை நம்பியவன்தானே.

யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊரில் காது போனால் பட்டாசு என்று சொல்லிவிடுவார்கள். அவன் மனைவி பாண்டிமீனா அந்தப் பாட்டைக் கடைசிவரை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டதால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் நீங்கள் விசாரிக்க வேண்டும், சார். இந்தப் பொங்கலுக்கு என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. கம்ப்யூட்டரே கிடையாது, கீபோர்டு நேராக ஸ்பீக்கருக்கு. முதல் பாட்டிலேயே டிரம்ஸ் மொக்கைச்சாமி குனிந்து, "அண்ணே, பின்னாடியே வாரீகளே, கை வலிக்குதா?" என்றான். அன்பரசன் என் கீபோர்டையும் ஏதோ செய்துவைத்திருக்கிறான்.