சீமாட்டி கொடுத்த கடிதம்

லவீனியா: தொப்பியக்கூடக் கழட்டாம இப்படிச் சிரிக்கிறியே! பிரெஞ்சுக்காரன் தோத்த அன்னிக்குக்கூட நீ இவ்வளவு சிரிக்கலடி. சீமாட்டி உள்ள விட்டாங்களா?

ஹெஸ்டர்: விட்டாங்கக்கா. முழுசா கால் மணி நேரம்!

லவீனியா: அப்பா போயி நாம இந்தச் சின்ன வீட்டுக்கு வந்ததுலருந்து அவங்க வண்டி இந்தத் தெருப்பக்கமே திரும்பல...

ஹெஸ்டர்: கேளேன். எனக்கு முன்னாடியே பிராக்டன் அம்மா உக்காந்திருக்கா. சீமாட்டி பாத்துக் குடுக்குற ஆல்டர்காம் கோயில் குருவானவர் வேலைய அவ மருமகனுக்குக் கேட்டு, கையில ஒரு அன்னாசிப் பழத்தோட!

லவீனியா: அன்னாசியா! தங்க வெலை விக்கிற பழமாச்சே! போச்சு... அப்போ நம்ம செசிலி? அந்த வேலை அவ கட்டிக்கப்போற ஹாலட்டுக்குக் கெடைக்கலன்னா கல்யாணமே இல்லன்னுட்டாரே நம்ம அண்ணன். நீ வாயத் தொறந்து கேட்டியா?

ஹெஸ்டர்: ஒரு வார்த்தை கேக்கல. தேத்தண்ணி குடிச்சேன், மழையப் பத்திப் பேசுனேன், எந்திரிச்சேன். சீமாட்டி இந்தக் கடிதத்த என் கையில வச்சு, "ஹாலட்கிட்ட குடுங்க. உங்க அண்ணன் மகளுக்கு என்னோட கல்யாணப் பரிசு"ன்னாங்க.

லவீனியா: பிராக்டன் அம்மா முன்னாடியேவா?

ஹெஸ்டர்: அவ முன்னாடியேதான்! அன்னாசியத் திரும்பத் தூக்கிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதான்னு தெரியாம முழிச்சா பாரு...

லவீனியா: ஆண்டவரே! கோயிலு, வீடு, பின்னாடி ஆப்பிள் தோட்டம், எல்லாம் நம்ம புள்ளைக்கு!

ஹெஸ்டர்: ஆப்பிள் தோட்டமா? கடிதத்தோட முத்திரையே இன்னும் ஒடையலியே...

லவீனியா: அது... ஊர்ல பேசிக்கிட்டாங்க.

ஹெஸ்டர்: அக்கா. என்னப் பாத்துச் சொல்லு.

லவீனியா: நீ மொதல்ல சொல்லு. கேக்காமலே குடுக்குற அளவுக்கு நீ அவங்களுக்கு என்ன செஞ்ச?

ஹெஸ்டர்: சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்.

லவீனியா: நானுந்தான்.

ஹெஸ்டர்: நீயுமா?... சரி, கேளு. சீமாட்டிக்கு ஒரு வருஷமாக் கண்ணு தெரியல. வெளிய தெரிஞ்சா ஊரே பரிதாபப்படும்னு மறைக்கிறாங்க. செவ்வாக்கெழமை தையலுக்குப் போறேன்னு சொல்லிட்டு நான் அங்கதான் போறேன். வர்ற கடிதத்தையெல்லாம் படிச்சுக் காட்டுறது நான்தான்.

லவீனியா: அடிப்பாவி! நான் வெள்ளிக்கெழமை சீக்காளிங்களப் பாக்கப் போறேன்னு போறதும் அங்கதாண்டி. பதிலெல்லாம் எழுதுறது நான்தான். இந்தக் கடிதத்த எழுதுனதும், இதுல அவங்க கையெழுத்துப் போடுறப்போ விரலப் புடிச்சு எடம் காட்டுனதும் நான்தான்!